தாய்மாமன் கொண்டுவந்த டி.வி.

மனு எழுதாமல் இந்த நாட்டில் எதையும் வாங்க முடியாது என்று நம்பியே ஒரு முழு உத்தியோகத்தை ஓட்டி முடித்தவன் நான். அந்த நம்பிக்கையை ஒரே ஒரு தாம்பாளத்தை வைத்துக்கொண்டு உடைத்தவர் சீர் டீச்சர். எதிரே வருகிற எவரையும் ஏதாவது ஒரு முறையில் தனக்கு உறவாக்கிக்கொள்ளும் வல்லமை படைத்த இன்னொரு பிறவியை நான் பார்த்ததில்லை. மின்வாரிய லைன்மேன் அவருக்கு அண்ணன். அரிசி ஆலை முதலாளி பெரியப்பா. தண்ணீர் வண்டி ஓட்டுகிறவர் நியாயமாக மச்சான் முறை ஆக வேண்டியவர். "அவரு பொண்டாட்டி கோவிச்சுக்கும்" என்று யோசித்து, அவரைத் தம்பியாக்கிவிட்டார்.

நான் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். அலுவலர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள், கண்காணிப்பாளர் இருப்பார். ஒரு பள்ளியின் கரும்பலகைக்குச் சாயம் பூச வேண்டுமென்றால் யாருக்கு எழுத வேண்டும், யார் வழியாக அனுப்ப வேண்டும், எத்தனை பிரதி, நினைவூட்டு எப்போது, நினைவூட்டுக்கு நினைவூட்டு எப்போது என்பதெல்லாம் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். சாயம் மட்டும் வராது.

சீர் டீச்சர் தலைமையாசிரியையாக இருந்த நடுநிலைப் பள்ளி பேராவூரணிக்கும் அப்பால், கடைமடையில் இருந்தது. கல்லணையில் புறப்படும் தண்ணீர் வழியில் இருக்கிற எல்லா வயலையும் நலம் விசாரித்துவிட்டு, களைத்துப் போய்க் கடைசியாக எட்டிப் பார்க்கும் ஊர் அது. அரசாங்கத்துச் சாமான்களும் அதே வாய்க்கால் வழியாகத்தான் வந்தன போலும். மேலே இருக்கும் பள்ளிகள் எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, இந்தப் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்து சேரும்.

அவர் முதன்முதலாக என் மேசைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம்.

"மனு எங்கே டீச்சர்?" என்றேன்.

"மனு எதுக்கு சார்? பத்திரிகை வைக்க வந்திருக்கேன். நாளன்னைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கதவு வருது. நீங்க குடும்பத்தோட வரணும்."

பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு கேட்டு முந்தைய தலைமையாசிரியர் எழுதிய மனு அப்போது என் அலமாரியில், உரிய எண்ணுடன், உரிய நாடாவில், உரிய உறக்கத்தில் இருந்தது. அந்தக் கதவுதான் சொன்ன நாளில் மேளதாளத்தோடு வந்தது. ஊர் ஆசாரி அதைத் தலைமேல் சுமந்து வந்தார். கதவுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. மணப்பெண்ணைக்கூட அவ்வளவு பத்திரமாக அழைத்து வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் கல்விச் சீர் என்று ஒரு வழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருநாள் ஊர் மக்கள் நாற்காலி, வாளி, சாக்பீஸ், உலக உருண்டை என்று பள்ளிக்குத் தேவையானதைத் தட்டுகளில் வைத்து, கல்யாணச் சீர் மாதிரி ஊர்வலமாகக் கொண்டுவந்து தருவார்கள். மற்ற பள்ளிகளில் அது ஒரு விழா. புகைப்படம் எடுத்ததும் முடிந்துவிடும். இவருக்கோ அது சம்பந்தம்; சீர் டீச்சர் என்று பெயர் வந்ததே அதனால்தான். சீர் கொண்டுவந்தவர் உறவுக்காரர். உறவுக்காரர் என்றால் நல்லது கெட்டதற்கு வந்தாக வேண்டும். பெஞ்சு கொடுத்த அரிசி ஆலை முதலாளி ஒருமுறை ஆண்டு விழாவுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் ஆலை வாசலில் டீச்சர் நின்றார்.

"பெரியப்பா, மக மேல என்ன கோவம்?"

"கோவம் எல்லாம் இல்லம்மா, லோடு வந்துருச்சு..."

"கோவம் இல்லேன்னா ஏன் வரலை? புள்ளைங்க ஆட்டம் ஆடிக்கிட்டே வாசலைப் பாத்துச்சுங்க. எனக்கு ராத்திரி சோறு இறங்கலை."

கோபம் இல்லை என்று நிரூபிக்க அந்த மனிதர் ஒரு மின்விசிறி கொடுக்க வேண்டியதாயிற்று. இதை எந்த விதியின் கீழ் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. வசூல் என்றால் நடவடிக்கை எடுக்கலாம். சோறு இறங்கவில்லை என்பதற்கு என்ன நடவடிக்கை?

ஆனால் கதவும் மின்விசிறியும் தீர்க்க முடியாத ஒரு ஆபத்து அந்தப் பள்ளிக்கு இருந்தது. அதன் நிறம் மஞ்சள். டவுனில் இருந்த ஒரு தனியார் பள்ளியின் வேன் தினமும் காலையில் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். அது அடிக்கும்போதெல்லாம் ஒரு தாய்க்கு மனசு மாறும். "அங்க கம்ப்யூட்டர்ல பாடம் நடத்துறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டு, கடன் வாங்கியாவது பிள்ளையை ஏற்றிவிடுவார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. அந்த மூன்று வகுப்புகளையும் தொலைவில் இருக்கும் வேறு பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று ஒரு கோப்பு தொடங்கப்பட்டு, என் மேசைக்கு வந்துவிட்டது. அப்படிச் சேர்த்தால் பையன்கள் சைக்கிளில் போவார்கள். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். ஐந்தாம் வகுப்போடு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். இது கோப்பில் எழுதப்படவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

டீச்சர் அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி, நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரிப்பார்: "அந்தக் கோப்பு எப்படிங்க சார் இருக்கு?"

"நகர்ந்துகிட்டிருக்கு டீச்சர்."

"கொஞ்சம் படுத்துக்கிட்டே இருக்கட்டுமே சார்."

இந்த நிலைமையில்தான் செல்போன் கம்பெனி வந்தது.

லாபத்தில் ஒரு பங்கை ஊருக்கும் செலவழிக்க வேண்டும் என்று விதி இருப்பதால், இப்படிப்பட்ட கம்பெனிகள் பள்ளிக்கூடங்களைத் தேடிக்கொண்டு வருவதுண்டு. அந்தக் கம்பெனியின் கோபுரம் ஒன்று ஊர் ஓரத்தில் பஷீர் பாயின் தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தது. பஷீர் பாய் மளிகைக்கடைக்காரர். ஒரு காலத்தில் சவூதியில் இருந்தவர். டீச்சரின் உறவு வரிசையில் மூத்த அண்ணன். கோபுரத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து பிரவீன் என்ற இளம் அதிகாரி வந்தார். பஷீர் பாய் அவரை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். "டவர் எங்கேயும் ஓடிராது தம்பி. எங்க தங்கச்சி மோர்க்குழம்பு வச்சிருக்கு. அது ஆறிரும்."

மோர்க்குழம்பு பரிமாறிக்கொண்டே டீச்சர் பிரவீனின் தாய், தந்தை, அக்கா, அக்கா புருஷன் எல்லாரையும் விசாரித்து முடித்தார். இரண்டாம் முறை சோறு போடும்போது அவர் தம்பியாகிவிட்டிருந்தார். ரசத்துக்கு வரும்போது, மாவட்டத்துக்கு ஒரு பள்ளி என்று கம்பெனி வைத்திருந்த திட்டத்தில் எந்தப் பள்ளி என்பது முடிவாகிவிட்டது. நான் அறிந்தவரை தேர்வுக்குழு என்றால் குறைந்தது மூன்று கூட்டம் உண்டு.

திட்டம் நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. சுவர் அளவுக்கு ஒரு தொடுதிரை டி.வி., பிள்ளைகளுக்குக் கையில் பிடித்துப் படிக்கும் டேப்லெட்டுகள், இலவச இணைய இணைப்பு, அறிவியல், கணக்கு, கதை என்று தமிழில் படமாக எடுத்த பாடங்கள் அடங்கிய ஒரு பெட்டி. எல்லாம் இலவசம். ஒப்பந்தம் என் மேசைக்கு வந்தது. நான் வழக்கம்போல் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். உண்மை எப்போதும் அங்கேதான் குடியிருக்கும். 'கருவிகளின் உரிமை நிறுவனத்துக்கே. கல்வியாண்டு முடிந்ததும் திரும்பப் பெறப்பட்டு வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்படும்.'

டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "இது தானம் இல்லை டீச்சர். இரவல். நல்லாப் புரிஞ்சுக்குங்க."

"சரிங்க சார்" என்றார். "அப்ப மேளத்துக்கு வியாழக்கிழமை சொல்லிரட்டுமா?"

அந்த வியாழக்கிழமையை நான் மறக்கவே முடியாது. ரிப்பன் வெட்டி, பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலை ரயிலைப் பிடித்துவிடலாம் என்று வந்த பிரவீனை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிட்டார்கள். தலையில் பட்டுத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார்கள். நெற்றியில் சந்தனம். கழுத்தில் மாலை. கையில் தாம்பாளம்; அதில் டேப்லெட் பெட்டி. பின்னால் ஊர்ப் பெண்கள் வரிசையாகத் தட்டுகளுடன்: தேங்காய், பழம், பூ, பேனா, இணைய இணைப்புக்கான வெள்ளைப் பெட்டி, அதன் ஒயர். ரிமோட்டுக்குத் தனித் தட்டு, அதற்கும் குங்குமம். பஷீர் பாய் வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் கல்கண்டும். எல்லாருக்கும் பின்னால், வைக்கோல் மெத்தைமேல், டிராக்டரில் டி.வி. ஆடி அசைந்து வந்தது.

ஒலிபெருக்கியில் ஒரு குரல்: "நமது செல்வங்களுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருகிறார்! அனைவரும் வாசலில் கோலமிட்டு வரவேற்குமாறு..."

"டீச்சர்," என்றேன் பதறிப்போய், "கம்பெனிச் சாமானைச் சீர்னு வாங்கறதுக்கு அரசாணை எதுவும் கிடையாது."

"வாங்கக் கூடாதுன்னு இருக்குங்களா சார்?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"அப்ப நடங்க சார், வெயில் ஏறுது. ஏன் சார், புள்ளைங்களுக்குச் சீர் கொண்டு வர்றது யாரு? தாய்மாமன்தானே? நான் அதுங்களுக்கு அம்மா மாதிரி. அப்ப தம்பி மாமாதானே? இதுல என்ன தப்பு?"

பிரவீனுக்கு முதலில் வெட்கம். அரைத் தெரு தாண்டியதும் தவில் சத்தத்தில் முதுகு நிமிர்ந்தது. பள்ளி வாசலில் ஆரத்தி எடுத்தபோது, நான் பார்த்தேன், அந்தப் பையன் கண் கலங்கியிருந்தது. கம்பெனி ஆட்கள் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த வருடத்துக் காலண்டரிலேயே போட்டுவிட்டார்கள். ஜூன் மாதம்: தலைப்பாகையும் தாம்பாளமுமாகப் பிரவீன். கீழே கொட்டை எழுத்தில், 'கல்விக்கு ஒரு தாய்மாமன் சீர்.' மாவட்டம் முழுக்க ரீசார்ஜ் கடைகளில் அது தொங்கியது.

பிறகு அந்த வகுப்பறையில் நடந்ததை நான் ஆய்வுக்குப் போனபோது நேரில் கண்டேன். தவளையின் இதயம் துடிப்பதை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஒரு சிறுமி மெதுவாகக் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ ஆய்வுகள் செய்தவன் நான். ஆய்வுக் குறிப்பில் அதை எழுதுவதற்கு ஒரு கட்டம் இல்லை.

இன்னொரு நாள் காவிரியின் பாதையை வானத்திலிருந்து எடுத்த படத்தில் காட்டினார்கள். செய்தி பரவி, மண்வெட்டியும் கையுமாக விவசாயிகள் ஜன்னலில் முளைத்தார்கள். குடகில் ஒரு நூல் மாதிரி தொடங்கி, மலை இறங்கி, அகன்று, பிரிந்து பிரிந்து நரம்புகளாகி வந்துகொண்டிருந்தது ஆறு. வாழ்நாள் முழுவதும் அதன் கடைசி முழத்தை மட்டுமே பார்த்தவர்கள், முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தார்கள்.

"டீச்சர், மேட்டூர்ல நிறுத்துங்க" என்றார் ஒருவர் ஜன்னலிலிருந்து. "தண்ணி எவ்வளவு கெடக்குன்னு பாப்போம்."

"இது பழைய படம்ணே."

"பழசா இருந்தா என்ன? அப்பவாவது கெடந்துச்சான்னு பாக்கறேன்."

இலவச இணைப்பிலும் சிக்கல் வந்தது. கடவுச்சொல் எப்படியோ ஊருக்குள் கசிந்து, மதியத்துக்குள் அன்றைய அளவு தீர்ந்துபோகும். எட்டாம் வகுப்புக்கு வரும்போது படம் பாதியில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும். டீச்சர் பஷீர் பாய் கடை வாசலில் பஞ்சாயத்து வைத்தார்.

"தலைமடைக்காரன் ராவோட ராவா மடையைத் திறந்து பாய்ச்சிக்கிட்டா உங்களுக்கு எப்படி எரியும்? இங்க எட்டாம் வகுப்புதான் கடைமடை. புள்ளைங்க பயிரு காயுதுல்ல?"

தண்ணீர் முறை என்று சொன்னால் அந்த ஊரில் அடுத்த பேச்சு கிடையாது. அன்று மாலையே எல்லாரும் தங்கள் போனிலிருந்து இணைப்பை எடுத்துவிட்டார்கள். நான் ஒரு சுற்றறிக்கை தயாரித்து வைத்திருந்தேன்; வீணாயிற்று.

பழுது என்றால் மற்ற பள்ளிகள் புகார் எண்ணுக்கு அழைத்து, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். டீச்சர் பிரவீனையே கூப்பிடுவார். "அங்க மிஷின் பேசுது தம்பி. அக்கா குரலு மிஷினுக்கு எங்க தெரியப் போகுது?"

ஆண்டு விழாவுக்குப் பிரவீன் வந்தார். பொங்கலுக்கு வந்தார். விஜயதசமி அன்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தபோதும் வந்தார். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தானே உட்கார வேண்டும்? அதே முறைப்படி ஒவ்வொரு பிள்ளையையும் அவர் மடியில் உட்கார வைத்து, டேப்லெட்டில் விரலால் 'அ' எழுத வைத்தார் டீச்சர். மூன்றாவது பிள்ளை 'அ' வைச் சுழித்து முடித்த கையோடு மாமாவின் விலை உயர்ந்த கால்சட்டையை நனைத்துவிட்டது.

"ராசியான புள்ள" என்றார் டீச்சர். "மாமனுக்குப் பதவி உயர்வு உண்டு."

மஞ்சள் வேனிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. பெஞ்சுகள் நிறைந்தன. என் மேசையில் இருந்த கோப்பு, டீச்சர் கேட்டுக்கொண்டபடியே, படுத்துக்கொண்டிருந்தது.

கல்வியாண்டு முடிந்து, விடுமுறையும் கழிந்து, பள்ளி மறுபடி திறந்தது. கடைசிப் பக்கம் விழித்துக்கொண்டது. கருவிகளைத் திரும்பப் பெற வருவதாகக் கம்பெனியிலிருந்து எழுதிவிட்டார்கள். ஒப்படைப்பை மேற்பார்வையிட வேண்டியவன் நான். டி.வி. போனால் வேன் வரும். வேன் வந்தால் பெஞ்சு காலியாகும். பெஞ்சு காலியானால் கோப்பு எழுந்து உட்காரும். இந்த வரிசை எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. டீச்சருக்கும் தெரிந்திருந்தது. ஊரைக் கூட்டி மறியல் செய்வார் என்று எதிர்பார்த்து, அதற்கான அறிக்கையை மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன்.

மறியலும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசலில் கம்பெனி வேன். அதன் பக்கத்தில் தலைகுனிந்து பிரவீன். உள்ளே அவருக்கு இலை போட்டிருந்தது.

"எடுத்துட்டுப் போகத்தான் வந்திருக்கேன்க்கா" என்றார் அவர்.

"அதுக்கென்ன தம்பி, உங்க பொருளு. ஆனா சாப்பிட்டுத்தானே போகணும்?"

சாப்பிட்டார். ஆட்கள் டி.வி.யைச் சுவரிலிருந்து கழற்றி வேனில் ஏற்றினார்கள். சுவரில் ஆணிகள் மட்டும் நின்றன. டேப்லெட் பெட்டியைத் தூக்கப் போனபோது டீச்சர் சொன்னார்: "இருங்க தம்பி. சீரு வந்த மாதிரியே முறையாப் போகட்டும். அனாதைச் சாமான் மாதிரி பின்வாசல் வழியாப் போனா நல்லா இருக்காது."

வெளியே வந்து பார்த்தால் அதே நாதஸ்வரம், அதே தவில். அதே பெண்கள், அதே தட்டுகள். தட்டுகளில் மட்டும் ஒன்றும் இல்லை. பிரவீன் தலையில் அதே பட்டுத் துண்டைக் கட்டினார்கள். கையில் தாம்பாளத்தையும் பெட்டியையும் கொடுத்தார்கள். டீச்சர் மேளக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "என்ன வாசிக்கறதுங்க டீச்சர்?"

"சீரு போற மேளம்."

"சீரு வர்றதுக்குத்தாங்க மேளம். திரும்பிப் போறதுக்கு வாசிச்சு எங்க வம்சத்துலயே பழக்கம் இல்லீங்க." தவில்காரரைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாய்யா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எந்த மாமன் திரும்ப வாங்கியிருக்கான்?"

ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் கெஞ்சவில்லை. பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல், "மாமா, டாட்டா" என்று கையாட்டின. தலைப்பாகையோடும் தாம்பாளத்தோடும் நடுத்தெருவில் நின்ற பிரவீனால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சென்னையில் இருக்கும் மேலதிகாரிக்கு வீடியோவில் அழைத்தார்.

"என்ன பிரவீன், வண்டி கிளம்பிருச்சா?"

"இல்ல சார். மேளக்காரங்க வாசிக்க மாட்டேங்கறாங்க."

"எதுக்கு மேளம்?"

"முறைப்படி எடுக்கணுமாம் சார்."

"தலையில என்ன அது?"

"தலைப்பாகை சார்."

டீச்சர் போனை வாங்கிக்கொண்டார். "வணக்கங்க. நீங்கதான் பெரிய தம்பிங்களா? சாப்ட்டாச்சா? உங்க சாமானை நாங்க தடுக்கலீங்க. பாதி வண்டியில ஏத்தியாச்சு. மேளம்தான் பிடிபடலை. உங்களுக்கு அக்கா தங்கச்சி இருக்குங்களா? அவங்களுக்குக் கொடுத்த சீரை எப்பவாச்சும் திரும்ப எடுத்திருந்தா, என்ன வாசிச்சாங்கன்னு சொல்லுங்க. எங்காளு வாசிச்சிருவாரு."

மறுமுனையில் இருமல் கேட்டது. "மேடம், அது சீர் இல்ல. அது வந்து... ஒரு திட்டம்."

அப்போதுதான் பஷீர் பாய் கடையிலிருந்து வேகவேகமாக வந்தார். கையில் காலண்டர். ஜூன் மாதத்தைப் புரட்டிப் போனுக்கு முன்னால் பிடித்தார். "தம்பி, கொஞ்சம் பாத்துக்குங்க. நீங்க அச்சடிச்சதுதான். தாய்மாமன் சீருன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. சாமானை எடுக்கறதா இருந்தா இதையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க. என் கடையில மட்டும் இல்லை, பட்டுக்கோட்டை வரைக்கும் எல்லாக் கடையிலயும் தொங்குது. அலைச்சல்தான்."

மறுமுனையில் ஒரு முகம் திரைக்கு அருகே வந்து ஜூன் மாதத்தைப் படித்தது. பின்னர் அந்த மேலதிகாரி மிக மெதுவாகச் சொன்னார்: "அங்கேயே இருக்கட்டும் மேடம்."

என் உத்தியோக வாழ்க்கையிலேயே நான் மிக வேகமாகச் செயல்பட்டது அந்த நொடியில்தான். தாம்பாளத்தோடு போனை நோக்கிப் பாய்ந்தேன். "ஐயா, வாய்மொழி உத்தரவு செல்லாது. எழுத்துமூலமா வேணும்."

"நீங்க யாரு?"

"சாரு எங்க ஆபீசுங்க" என்றார் டீச்சர். "கொஞ்சம் எழுதிக் குடுத்துருங்க பெரிய தம்பி. இல்லேன்னா அவருக்குச் சோறு இறங்காது."

எழுத்து வந்தது. பின்னாளில் கம்பெனியார் தேய்மானம், அன்பளிப்பு என்று என்னென்னவோ எழுதி, கருவிகளைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது: டி.வி. வேனில் இருந்தது. அதை இறக்க வேண்டும். சீரை எப்படி இறக்குவது? ஆகவே தாய்மாமன் சீர் அந்த ஊருக்கு இரண்டாம் முறை வந்தது. நாதஸ்வரக்காரருக்கு இப்போது என்ன வாசிப்பது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெறும் தட்டுகளில் கைக்குக் கிடைத்ததெல்லாம் நிறைந்தன. ஒரு தட்டில் வெங்காயம்கூடப் பார்த்தேன். ஊர்வலத்துக்குப் பின்னால், பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்த மஞ்சள் வேன் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. தவிலுக்கு முன்னால் அது கேட்கவில்லை. அதில் உட்கார்ந்திருந்த இந்த ஊர்ப் பிள்ளைகள் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பையோடு இறங்கி ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நான் டீச்சரைத் தனியாகக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. முதல் நாள் தாய்மாமன்னு மைக்ல சொன்னப்பவே இதைத் திட்டம் போட்டுட்டீங்கதானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கள்ளம் தேடினேன். கிடைக்கவில்லை. "என்ன சார் திட்டம்? சீரு கொண்டு வந்த புள்ள சார் அது. எடுத்துக்கிட்டுப் போயிருந்தாலும் தம்பிதானே? விஜயதசமிக்கு வரச் சொல்லி வெத்தலை பாக்குகூட எடுத்து வச்சிருந்தேன்." பேச்சு அங்கே நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த எட்டாங்கிளாஸ் பொண்ணுங்களை நினைச்சாத்தான் சார் ராத்திரியெல்லாம்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

மோர்க்குழம்பு நிஜம். மேளம் நிஜம். நான் தந்திரம் என்று வியந்ததெல்லாம் அவருக்கு வெறும் முறை. நான் நடைமுறை என்று ஒன்றைக் கட்டிக்காத்தேன். அவரும் ஒரு நடைமுறையைத்தான் கட்டிக்காத்தார். அவருடையதில் நினைவூட்டு தேவைப்படவில்லை.

மூன்று வகுப்புகளைச் சேர்ப்பது குறித்த கோப்பில், 'மாணவர் எண்ணிக்கை போதுமானது. மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கட்டி வைத்தேன். நான் எழுதிய குறிப்புகளிலேயே இன்றைக்கும் மனப்பாடமாக இருப்பது அது ஒன்றுதான். பிரவீன் இப்போது வேறு செல்போன் கம்பெனிக்குப் போய்விட்டார். மாமன் வேலை மாறினால் முறை மாறுமா என்ன? விஜயதசமிக்கு அவர் வராமலிருப்பதில்லை. புதுக் கம்பெனியின் பாடப் பெட்டியும் பள்ளிக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு கம்பெனிகள் ஒரே சுவரில் சம்பந்திகளாகத் தொங்குவதை அந்தப் பள்ளியில் மட்டும்தான் பார்க்கலாம்.

நான் பணியில் இருந்தவரை என்னை மட்டும் அவர் 'சார்' என்றே கூப்பிட்டுவந்தார். உலகத்தில் எல்லாருக்கும் ஒரு முறை கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நான் எதையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லையே! பணி ஓய்வு நாளன்று சால்வை, சந்தன மாலை, மூன்று சொற்பொழிவுகள் என எல்லாம் விதிப்படி நடந்தன. முடிந்து படியிறங்கும்போது டீச்சர் கையில் தட்டோடு நின்றார். வேட்டி, துண்டு, தேங்காய், பழம்.

"அந்தக் கோப்பைப் படுக்க வச்சே வச்சிருந்தீங்கல்ல, அது எனக்குத் தெரியும்ணே" என்றார். "தட்டை அப்புறமா வாங்கிக்கறேன்."

இதுவரை அவர் கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தில் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. ஒரு வருடம் அதில் அகராதி வைத்துக் கொண்டுபோனேன். அவர் தேங்காய் வைத்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த வருடம் பிள்ளைகள் பாடம் கேட்க ஹெட்போன் வைத்தேன், மாம்பழத்தோடு திரும்பிவந்தது. அவரும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் விஜயதசமிக்குப் பள்ளியில் முதல் ஆளாக நிற்பது அவர்தான். நேற்று போனில், "அண்ணே, இந்த வருஷமும் வரணும். வரலேன்னா பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தட்டைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அது வெறுமையாக இருந்தால் எனக்கும் இப்போதெல்லாம் சோறு இறங்குவதில்லை.